ஜனாதிபதி வென்றால் பாராளுமன்றமும் கைக்கு வந்துவிடுமா? இலங்கைத் தேர்தல் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல். 54 நாள் இடைவெளியில் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 42 வீதத்திலிருந்து 61 வீதத்துக்கு ஏறியது; 3 ஆசனம் 159 ஆனது. அன்றிலிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். மேலே உள்ளவை அடிப்படை, கீழே போகப் போகச் சிக்கல் கூடும்.

ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கட்சிதானே பாராளுமன்றத்திலும் வெல்லும்? இதுவரைக்கும் அப்படித்தானே நடந்தது?

முதலிடம் வருவதைச் சொன்னால், பெரும்பாலும் ஆம். ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின் ஓராண்டுக்குள் பாராளுமன்றத் தேர்தல் வந்த சந்தர்ப்பங்கள் ஆறு. பிரேமதாச வென்றபின் 1989இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 125 ஆசனம். சந்திரிகா இரண்டாம் முறை வென்றபின் 2000இல் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 107. மகிந்த இரண்டாம் முறை வென்றபின் 2010இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 144. மைத்திரிபால வென்றபின் 2015இல் ஐ.தே.க. தலைமையிலான அணிக்கு 106. கோட்டாபய வென்றபின் 2020இல் பொதுஜன பெரமுனவுக்கு 145. அநுர வென்றபின் 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 159.

அறுதிப் பெரும்பான்மை வேறு விடயம். 225 பேர் கொண்ட சபையில் அதற்கு 113 வேண்டும். 2000இலும் 2015இலும் முதலிடம் வந்தவர்கள் அதைத் தொடவில்லை. ஆறில் இரண்டு தடவை தவறியதைத் தானாக நடக்கும் காரியம் என்று சொல்ல முடியாது.

113, 150, 196, 29 என்று இலக்கங்கள் சொல்கிறார்கள். எது என்ன?

22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து 196 பேர் தெரிவாகிறார்கள். தேசியப்பட்டியலில் 29 பேர். இரண்டும் சேர்ந்து 225. சாதாரண பெரும்பான்மை 113. அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு 150.

தேசியப்பட்டியல் நாடளாவிய வாக்கு விகிதத்தின்படியே பகிரப்படும். 2024இல் தேசிய மக்கள் சக்தியின் 61.56 வீதத்தை 29ஆல் பெருக்கினால் 17.85 வரும், கிடைத்தது 18. மாவட்டங்களில் இப்படி நேர்கோடாக நடப்பதில்லை. அங்கேதான் விளையாட்டு இருக்கிறது. யாழ்ப்பாணத்தைப் பற்றிய பதிலில் அதைப் பார்ப்போம்.

புதிய ஜனாதிபதி வந்த அடுத்த நாளே பாராளுமன்றத்தைக் கலைக்கலாமா?

கலைக்கலாமா என்பது பழைய பாராளுமன்றத்தின் வயதைப் பொறுத்தது. இன்றுள்ள விதிப்படி, பாராளுமன்றம் முதலாவது தடவை கூடி இரண்டரை ஆண்டு முடியும் முன் ஜனாதிபதி தானாகக் கலைக்க முடியாது. சபையே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் முடியும். 2020 ஓகஸ்ட் 20இல் கூடிய சபை 2024இல் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது. அதனால் செப்டெம்பர் 23இல் பதவியேற்ற அநுர 24ஆம் திகதியே கலைத்தார். ஒக்டோபர் 4 முதல் 11 வரை வேட்புமனு. தோற்ற கட்சிகள் கூட்டணி பேசவும் பட்டியல் போடவும் மூன்று வாரம்கூடக் கிடைக்கவில்லை.

கோட்டாபயவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அப்போது அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தின்படி எல்லை நாலரை ஆண்டு. 2019 நவம்பரில் வென்றவர் 2020 மார்ச் 2 வரை காத்திருந்தே கலைத்தார். ஏப்ரல் 25இல் நடக்கவேண்டிய தேர்தல் கொரோனாவால் தள்ளிப்போய் ஓகஸ்ட் 5இல் நடந்தது. அதே நாலரை ஆண்டு விதியை மீறித்தான் மைத்திரிபால 2018 நவம்பரில் சபையைக் கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள்.

அநுரவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 வீதம்தானே? இரண்டு மாதத்தில் எப்படி 61 ஆனது? அவ்வளவு சனமா மாறினது?

வீதத்தைப் பார்க்கும் முன் வாக்கை எண்ணுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் அநுரவுக்கு 5,634,915 வாக்கு. நவம்பரில் அவரது கட்சிக்கு 6,863,186. கூடியது ஏறக்குறைய 12 இலட்சத்து 28 ஆயிரம். அதே நேரம் வாக்களிப்பு 79.46 வீதத்திலிருந்து 68.93 வீதமாக இறங்கியது. செல்லுபடியான வாக்குகள் சுமார் 1 கோடி 33 இலட்சத்திலிருந்து 1 கோடி 11 இலட்சமாகக் குறைந்தன.

இப்போது ஏறிய 19 புள்ளிகளைப் பிரிக்கலாம். நவம்பர் வாக்கை செப்டெம்பர் மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள்: 51.5 வீதம் வரும். அதாவது 42.3இலிருந்து 51.5 வரையான 9 புள்ளி புதிதாகச் சேர்ந்த வாக்கு. 51.5இலிருந்து 61.6 வரையான 10 புள்ளி, மற்றவர்களின் வாக்காளர்கள் வராமல் போனதால் மொத்தம் சுருங்கியதன் விளைவு. சனம் மாறியது உண்மை. ஆனால் ஏற்றத்தில் பாதிக்கு மேல், வராதவர்கள் தந்தது.

மொட்டு 2020இல் 59 வீதம் எடுத்ததே? அதுவும் இப்படித்தானா?

அது இன்னும் தெளிவான உதாரணம். கோட்டாபயவுக்கு 2019இல் 6,924,255 வாக்கு, 52.25 வீதம். 2020இல் பொதுஜன பெரமுனவுக்குச் சுமார் 68 இலட்சத்து 54 ஆயிரம், 59.09 வீதம். வீதம் 7 புள்ளி ஏறியது. வாக்கோ 70 ஆயிரம் குறைந்தது. ஒரு புதிய வாக்கும் நிகரமாகச் சேரவில்லை. முழு ஏற்றமும் எதிரணி சுருங்கியதால் வந்தது. 2019இல் சஜித் எடுத்தது 55 இலட்சத்து 64 ஆயிரம். 2020இல் அவரது ஐக்கிய மக்கள் சக்தி எடுத்தது 27 இலட்சத்து 72 ஆயிரம். இடையில் ஐ.தே.க. இரண்டாக உடைந்தது. யானைச் சின்னத்தில் நின்ற பழைய கட்சிக்கு 2.15 வீதமும் தேசியப்பட்டியலில் ஒரேயொரு ஆசனமும்தான் மிஞ்சின.

அப்ப 2010?

அதில் வென்றவரின் வாக்கே நன்றாக இறங்கியது. ஜனவரி 26இல் மகிந்தவுக்கு 6,015,934. ஏப்ரல் 8இல் அவரது கூட்டமைப்புக்கு 4,846,388. கிட்டத்தட்ட 11 இலட்சத்து 70 ஆயிரம் குறைவு. இருந்தும் வீதம் 57.88இலிருந்து 60.33 ஆனது, ஏனென்றால் எதிரணி அதைவிட வேகமாகக் கரைந்தது. சரத் பொன்சேகாவின் 41 இலட்சத்து 73 ஆயிரம், ஐக்கிய தேசிய முன்னணியிடம் வரும்போது 23 இலட்சத்து 57 ஆயிரம். பொன்சேகாவோ கைதாகித் தடுப்பில் இருந்தபடி, ஜே.வி.பி.யோடு சேர்ந்து தனி அணியாகப் போட்டியிட்டார். 144 ஆசனம் கிடைத்ததை மக்கள் அலை என்று எழுதியவர்கள் வாக்குத் தொகையைப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் 2024இன் தனித்தன்மை புலப்படும். வாக்களிப்பு இறங்கியபோதும் வென்றவரின் வாக்குத்தொகை பெரிய அளவில் ஏறியது இம்மூன்றில் அந்த ஒரு தடவைதான். 1989இலும் ஐ.தே.க.வின் வாக்கு 25 இலட்சத்து 69 ஆயிரத்திலிருந்து 28 இலட்சத்து 38 ஆயிரமாக ஏறியது. ஆனால் அங்கே வாக்களிப்பே 55.32இலிருந்து 63.60 வீதமாகக் கூடியது. 1988 டிசம்பரில் தென்னிலங்கையில் கிளர்ச்சிப் பயத்தில் வாக்குச்சாவடிக்கே போகாதவர்கள் பலர். வீதம் அசையவில்லை: 50.43, பிறகு 50.71.

தோற்றவரின் ஆட்கள் ஏன் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்? கோபம் இருந்தால் வந்து போடத்தானே வேண்டும்?

ஜனாதிபதித் தேர்தலில் கேள்வி ஒன்றுதான்: யார் நாட்டை ஆள்வது. அதற்குப் பதில் கிடைத்தபின், தோற்றவரை ஆதரித்தவருக்கு இரண்டாவது தேர்தலில் எஞ்சுவது எத்தனை பேரை எதிர்க்கட்சி வரிசையில் உட்காரவைப்பது என்ற கேள்வி மட்டும். அதற்காகக் கொழும்பில் வேலை செய்பவர் இன்னொரு தடவை பஸ் ஏறி ஊருக்குப் போகமாட்டார்.

கட்சி இயந்திரமும் நின்றுவிடும். காசு கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். தோல்விக்கு யார் பொறுப்பு என்ற சண்டை வேட்புமனு நாள் வரை ஓடும். 2024இல் ரணிலும் மகிந்தவும் போட்டியிடவே இல்லை. மாவட்டத்தில் வீடு வீடாக ஆள் திரட்டக்கூடிய பெயர்கள் ஒதுங்கினால் அவர்களுக்கென்றே விழும் வாக்கும் ஒதுங்கும்.

அதோடு, வென்ற ஜனாதிபதிக்கு வேலை செய்ய ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம் என்று அணி மாறுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். மூன்று உறுப்பினரோடு, ஜனாதிபதியும் ஹரிணி அமரசூரியவும் விஜித ஹேரத்தும் மட்டுமே அமைச்சரவை என்று நாட்டை நடத்திக்கொண்டிருந்த காட்சி அந்த எண்ணத்தை 2024இல் பலமடங்கு ஆக்கியது. ஆள் இல்லாமல் எப்படி ஆள்வது என்பது வாக்காளருக்கு நியாயமான வாதமாகவே பட்டது.

செப்டெம்பரில் சஜித் எடுத்ததையும் நவம்பரில் அவர் கட்சி எடுத்ததையும் கழித்துப் பார்த்தால் எத்தனை பேர் ஓடினார்கள் என்று தெரியும்தானே?

தெரியாது. இங்கே அடிக்கடி பிழை விடுகிறார்கள். ஜனாதிபதி வேட்பாளருக்கு விழுவது பல கட்சிகளின் வாக்கு. பாராளுமன்றத்தில் அவை தனித்தனியே நிற்கும். 2019இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சஜித்தை ஆதரித்தது. 2020இல் அதே வாக்காளர்கள் வீட்டுச் சின்னத்துக்குப் போட்ட 327,168 வாக்கு சஜித்திடமிருந்து ஓடிய வாக்கு அல்ல, சொந்த வீட்டுக்குத் திரும்பிய வாக்கு. 2024இல் சஜித்தின் 43 இலட்சத்து 63 ஆயிரத்தையும் ஐக்கிய மக்கள் சக்தியின் 19 இலட்சத்து 69 ஆயிரத்தையும் ஒப்பிடும்போதும், ரணிலின் 23 இலட்சத்தை அவரது அணி நின்ற சிலிண்டர் சின்னத்தின் 5 இலட்சத்தோடு ஒப்பிடும்போதும் இதே கவனம் தேவை. முதலில் யார் யாரை ஆதரித்தார்கள் என்று பட்டியல் போட்டு, தனியாக நின்றவர்களின் வாக்கைக் கூட்டிவிட்டுத்தான் கழிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அநுரவுக்கு 7 வீதம். நவம்பரில் அவரது கட்சியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு 6இல் 3 ஆசனம். கணக்கில் ஏதும் பிழையா?

பிழை இல்லை. இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. ஒன்று, வாக்கே மூன்று மடங்கானது: 27,086இலிருந்து 80,830. செப்டெம்பரில் சஜித்துக்கும் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கும் ரணிலுக்கும் போட்டவர்களில் ஒரு பகுதி, அரசாங்கத்தோடு நேரடியாகப் பேசக்கூடிய பிரதிநிதி வேண்டும் என்று திரும்பியது.

இரண்டாவது, ஆசனம் பிரிக்கும் முறை. படிப்படியாகப் பாருங்கள். மாவட்டத்தில் செல்லுபடியான வாக்கில் 5 வீதம் எடுக்காதவர்களை முதலில் நீக்குவார்கள், இது வெட்டுப்புள்ளி. மாவட்டத்தில் முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சமுள்ள ஆசனங்களால், இங்கே 5ஆல், வெட்டுப்புள்ளி தாண்டியவர்களின் மொத்த வாக்கை வகுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த மொத்தம் சுமார் 2 இலட்சத்து 40 ஆயிரம். ஓர் ஆசனத்துக்கு சுமார் 48 ஆயிரம் வாக்கு. தேசிய மக்கள் சக்தியின் 80,830க்கு ஒன்று போக, சுமார் 32 ஆயிரத்து 800 மிச்சம். தமிழரசுக் கட்சியின் 63,327க்கு ஒன்று போக, சுமார் 15 ஆயிரம் மிச்சம். இன்னும் மூன்று ஆசனம் இருக்கிறது. அவை பெரிய மிச்சங்களுக்குப் போகும். அந்த 32 ஆயிரத்து 800க்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசின் 27,986க்கு ஒன்று, 17ஆம் இலக்க சுயேச்சைக் குழுவின் 27,855க்கு ஒன்று. போனசையும் சேர்த்தால் திசைகாட்டிக்கு மூன்று.

போனஸ் இல்லாமல் ஆறையும் பகிர்ந்திருந்தால் அவர்களுக்கு இரண்டுதான். தமிழ்க் கட்சிகள் ஏழெட்டாகப் பிரிந்து நின்றதால்தான் 24.85 வீதம் முதலிடத்துக்குப் போதுமானது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. யார் வென்றார்கள் என்பதற்காக அல்ல. வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்த ஆயிரக்கணக்கான வாக்குகள் யாருக்கும் பிரதிநிதியைத் தரவில்லை என்பதற்காக.

61 வீத வாக்குக்கு 70 வீத ஆசனம். விகிதாசார முறை என்று சொல்லிவிட்டு இது என்ன?

மேலே சொன்ன கணக்கை 22 மாவட்டத்துக்கும் போட்டுப் பாருங்கள். 2024இல் 21 மாவட்டங்களில் முதலிடம், 21 போனஸ். தேசிய அளவில் முன்னால் நிற்கும் கட்சியே பெரும்பாலான மாவட்டங்களிலும் முன்னால் நிற்பதால் போனஸ் எல்லாம் ஒரே பக்கம் சேரும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனவர்களின் வாக்கும் மறைமுகமாகப் பெரியவருக்கே உதவுகிறது. எதிரணி பல துண்டாக நின்றால் இரண்டும் இன்னும் உறைக்கும்.

2010இல் 60.33 வீதத்துக்கு 144, 2020இல் 59.09 வீதத்துக்கு 145, 2024இல் 61.56 வீதத்துக்கு 159. 2020ஐவிட இரண்டரைப் புள்ளி வித்தியாசத்துக்கு 14 ஆசனம் கூடியது எப்படி என்று கேட்டால், பதிலின் பெரும்பகுதி வடக்கும் கிழக்கும், அவற்றோடு கொழும்பும் கம்பஹாவும். முன்னைய இரண்டு தடவையும் வென்றவர்கள் தெற்கில் குவித்து, தமிழ் மாவட்டங்களில் பின்தங்கினார்கள். 2024இன் வாக்கு நாடு முழுக்கப் பரவியிருந்தது.

அப்படியானால் மட்டக்களப்பு மட்டும் ஏன் விலகி நின்றது?

அங்கே தமிழரசுக் கட்சி சிதறாமல் நின்றது. சுமார் மூன்றில் ஒரு பங்கு வாக்கும் முதலிடமும் எடுத்து, 5 ஆசனங்களில் போனசோடு 3ஐப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிக்கு உதவிய அதே விதி இங்கே தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்கு உதவியது.

2015இல் மைத்திரிபால வென்றார். ஆனால் அவருடைய கட்சி தோற்றதே?

சிக்கலான கேள்வி, ஏனென்றால் அவருடைய கட்சி எது என்பதே குழப்பம். ஜனவரியில் ஐ.தே.க.வின் ஆதரவோடு பொது வேட்பாளராக அன்னச் சின்னத்தில் வென்றார். வென்றபின் சுதந்திரக் கட்சியின் தலைவரானார். ஓகஸ்டில் அந்தக் கட்சியின் கூட்டமைப்பில் மகிந்த குருநாகலில் போட்டியிட்டார். கூட்டமைப்பு வென்றாலும் மகிந்தவைப் பிரதமர் ஆக்கமாட்டேன் என்று ஜனாதிபதியே சொன்னார். தலைவரே தன் பட்டியலுக்கு எதிராகப் பேசும் தேர்தலில் ஜனாதிபதி வெற்றியின் பலன் யாருக்குப் போகும்? ஐ.தே.க.வுக்குப் போனது, அதுவும் 113க்கு 7 குறைவாக.

வாக்குத் தொகை இங்கேயும் நல்ல கதை சொல்கிறது. மைத்திரிபாலவுக்கு ஜனவரியில் 6,217,162. ஓகஸ்டில் ஐ.தே.க. அணிக்கு 5,098,916. பதினொரு இலட்சம் போய்விட்டதா? ஜனவரியில் அவரை ஆதரித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 515,963ஐயும், மகிந்தவுக்கு எதிராகப் பிரசாரம் செய்த ஜே.வி.பி.யின் 543,944ஐயும் கூட்டுங்கள். 61 இலட்சத்து 59 ஆயிரம் வரும். கூட்டணி தன் தனிச் சின்னங்களுக்குப் பிரிந்தது. வாக்காளர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தோற்றவரின் பக்கமும் அவ்வளவாகக் கரையவில்லை: மகிந்தவின் 57 இலட்சத்து 68 ஆயிரம், கூட்டமைப்பிடம் 47 இலட்சத்து 33 ஆயிரம். தோற்ற தலைவரே மீண்டும் களத்தில் நின்றதுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

தேர்தலைத் தள்ளிப்போட்டால் வெற்றியின் சூடு ஆறிவிடுமா?

ஆறும், ஆனால் கடிகாரம் மாதிரி அல்ல. 1999 டிசம்பர் 21இல் சந்திரிகா 51.12 வீதம் எடுத்தார். 2000 ஒக்டோபர் 10இல் அவரது முன்னணி 45.11 வீதம். இடையில் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. புதிய அரசியலமைப்பு முயற்சி பாராளுமன்றத்தில் கைகூடவில்லை. 107 ஆசனத்தோடு அமைத்த அரசாங்கம் ஓராண்டில் கவிழும் நிலைக்கு வந்து, 2001இல் மீண்டும் தேர்தல்.

ஆனால் 2020இல் எட்டரை மாதம் போயும் பொதுஜன பெரமுனவுக்குச் சூடு ஆறவில்லை. கொரோனாவின் முதல் அலையைக் கட்டுப்படுத்திய பெயரும், உடைந்த எதிரணியும் அதைக் காத்தன. இடைவெளியை மட்டும் வைத்துச் சூத்திரம் போடவேண்டாம். அந்த மாதங்களில் என்ன நடந்தது, எதிரணி ஒன்றுபட்டதா என்று பாருங்கள்.

ஜனாதிபதி வென்றும் பாராளுமன்றத்துக்குப் போகாமல் விட்டவர்கள் இருக்கிறார்களா?

இருவர். 1982 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன 52.91 வீதத்தோடு வென்றார். அவர் கையில் 1977இல் தொகுதி முறையில் கிடைத்த 168இல் 140 ஆசனம் இருந்தது. விகிதாசாரத்தில் 53 வீதம் அதை ஒருபோதும் திருப்பித் தராது என்பது அவருக்குத் தெரியும். எனவே தேர்தலுக்குப் பதிலாக டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, 54.66 வீதத்தோடு அதே சபையின் ஆயுளை நீடித்தார். 1989 வரை பாராளுமன்றத் தேர்தலே இல்லை. ஜனாதிபதி வெற்றி கொடுக்கக்கூடியது எவ்வளவு, கொடுக்காதது எவ்வளவு என்பதை அவரைவிடத் துல்லியமாகக் கணக்குப் போட்டவர் இல்லை. நாடு அதற்குக் கொடுத்த விலையும் பெரிது.

மற்றவர் மகிந்த. 2005இல் 50.29 வீதம் என்ற மெல்லிய வெற்றி. 2004இல் தெரிவான சபையை வைத்துக்கொண்டு, எதிரணியில் இருந்து ஆட்களை எடுத்தே 2010 வரை ஓட்டினார்.

பாராளுமன்றத் தேர்தல் முதலில் வந்தால்?

விளைவு மறுபக்கம் ஓடும். 1994 ஓகஸ்டில் சந்திரிகாவின் முன்னணிக்கு 48.94 வீதம், 105 ஆசனம். அவர் பிரதமரானார், ஜனாதிபதியாக எதிர்க்கட்சியின் டி.பி. விஜேதுங்க இருந்தார். நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் சந்திரிகாவுக்கு 62.28 வீதம். இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல்களில் அதுவே இன்றுவரை மிகக் கூடிய வீதம். முதல் தேர்தலில் யார் வென்றாலும் அடுத்தது அவர் பக்கம் சாய்கிறது என்பதே பொது விதி.

ஜனாதிபதி ஒரு கட்சி, பாராளுமன்றம் இன்னொரு கட்சி என்று வந்தால் யார் சொல் செல்லும்?

2001 டிசம்பர் முதல் 2004 வரை அதுதான் நடந்தது. சந்திரிகா ஜனாதிபதி, 109 ஆசனம் எடுத்த அணியின் ரணில் பிரதமர். 2003 நவம்பரில் பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளை ஜனாதிபதி தன் கைக்கு எடுத்தார்; 2004 பெப்ரவரியில் சபையைக் கலைத்தார். ஜனாதிபதித் தேர்தலோடு ஒட்டாமல் நடுவில் வரும் பாராளுமன்றத் தேர்தலில்தான் இந்த ஆபத்து அதிகம்.

செப்டெம்பரில் 1, 2, 3 போட்டோம். நவம்பரிலும் அப்படிப் போட்டால் சரியா?

கட்சிகளுக்கு எதிரே அப்படிப் போடக்கூடாது. ஜனாதிபதி வாக்குச்சீட்டில் மூன்று வேட்பாளர்களை வரிசைப்படுத்தலாம். பாராளுமன்றச் சீட்டில் ஒரேயொரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ மட்டும் புள்ளடி. பிறகு கீழே, அந்தக் கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு. இரண்டு கட்சிக்குக் குறியிட்டாலும், கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் சீட்டு போய்விடும்.

2024இல் நிராகரிக்கப்பட்டவை செப்டெம்பரில் 300,300. வாக்களித்தோர் தொகை குறைந்த நவம்பரில் 667,240. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நிறைந்த நீண்ட சீட்டும், ஒன்றன்பின் ஒன்றாக வந்த இருவேறு முறைகளும் சேர்ந்தால் குழப்பம் வரத்தான் செய்யும். வீட்டில் முதியவர்களுக்கு வாக்களிப்புக்கு முந்திய நாள் ஒரு மாதிரிச் சீட்டை வைத்துக் காட்டுங்கள்.

இது எங்கட நாட்டு வழக்கமா, வெளிநாட்டிலும் இப்படியா?

பிரான்சில் இதைத் திட்டமிட்டே செய்தார்கள். 2000இல் ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஐந்தாண்டாக்கி, 2002 முதல் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த சில வாரத்தில் சட்டமன்றத் தேர்தல் வரும்படி வைத்தார்கள். 2002, 2007, 2012, 2017 நான்கிலும் புதிய ஜனாதிபதியின் அணிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. 2022இல் மக்ரோனின் அணிக்கு 577இல் 245தான்; 289 வேண்டும். இரண்டாம் முறை வந்தவர் மீதான சலிப்பும், இடதுசாரிகள் ஒரே அணியாக நின்றதும் காரணம். இலங்கையின் 2000, 2015 அனுபவத்தோடு இதை வைத்துப் படிக்கலாம்.

எல்பிட்டியவில் குறைந்ததே, 2025 உள்ளூராட்சியிலும் குறைந்ததே? அலை முடிந்ததா?

2024 ஒக்டோபர் 26இல் எல்பிட்டிய பிரதேச சபையில் திசைகாட்டிக்கு 30இல் 15 ஆசனம். அதை வைத்து அலை இறங்குகிறது என்று பலர் எழுதினார்கள். மூன்று வாரத்தில் அதே காலி மாவட்டத்தில் 9இல் 7 எடுத்தது. உள்ளூர் சபையில் ஆள் பார்த்துப் போடுவார்கள். அதைக்கொண்டு பாராளுமன்றத்தைக் கணிக்கமுடியாது.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் கட்சிக்கு 4,503,930 வாக்கு, 43.26 வீதம். வீதம் ஏறக்குறைய அநுரவின் செப்டெம்பர் அளவு. வாக்கு அதைவிடப் பதினொரு இலட்சம் குறைவு. நவம்பரில் வந்து சேர்ந்தவர்கள் நிரந்தர ஆதரவாளர்கள் அல்ல என்பதுவரை இதிலிருந்து சொல்லலாம். அதற்குமேல் சொல்வது அவசரம்.

அடுத்த தடவை நாங்களே கணிக்கவேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிடும் மாவட்ட முடிவுகளை எடுங்கள். நாடளாவிய வீதத்தில் தொடங்கவேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஜனாதிபதித் தேர்தலின் வாக்குத்தொகையை எழுதி, எந்தக் கட்சி யாரை ஆதரித்தது, இப்போது யார் தனியே நிற்கிறார் என்று பிரியுங்கள். பிறகு வாக்களிப்பைக் குறையுங்கள்: 2020இல் 8 புள்ளியும், 2024இல் பத்தரைப் புள்ளியும், 2010இல் 13 புள்ளியும் குறைந்தது. அந்தக் குறைவை எல்லோர் மேலும் சமமாகப் போடாமல் பெரும்பகுதியைத் தோற்ற அணியின் மேல் போடுங்கள். தோற்ற தலைவர் மீண்டும் களத்தில் நின்றால் 2015 போல அந்தச் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 5 வீத வெட்டுப்புள்ளி, போனஸ், வகுத்தல், மிச்சம் என்று யாழ்ப்பாணத்துக்குப் போட்ட படிகளை மாவட்டம் மாவட்டமாகப் போடுங்கள். கடைசி ஆசனம் சில நூறு வாக்கில் மாறும் மாவட்டங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். தேசியப்பட்டியலைக் கடைசியாகக் கூட்டுங்கள்.